கைவினை காத்த கமலாதேவி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முன்னுரை

நம் கல்லூரி ஆண்டு மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். பாரதியார், காமராசர், சர் சி. வி. இராமன் என்று முன்வந்த மலர்களில் பலரைப் பற்றியும் படித்திருக்கிறேன். இவ்வாண்டு யாரைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் வினவியபோது, நான் கமலாதேவி சட்டோபாத்யாய என்றேன். வகுப்பில் பலருக்கும் அந்தப் பெயர் புதிது. உண்மையைச் சொல்வதானால், ஓராண்டுக்கு முன் எனக்கும் அது புதிதே.

வேதியியல் மாணவியாகிய நான் அவரிடம் வந்து சேர்ந்த வழி சற்றே விந்தையானது. சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் இயற்கைச் சாயங்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கடுக்காய், படிகாரம், சாயவேர் என்று தேடிக்கொண்டு போனபோது திருக்காளத்தியின் கலம்காரித் துணி எதிர்ப்பட்டது. அழியும் நிலையில் இருந்த அந்தக் கலை எவ்வாறு மீண்டது என்று தேடியபோது கமலாதேவி அம்மையாரின் பெயர் எதிர்ப்பட்டது. அன்று தொடங்கி, கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அவர் எங்கோ இருந்த எவரைப் பற்றியோ கவலைப்படவில்லை, என் வீட்டு வாசலில் நடக்கும் வாழ்வைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறார் என்று தோன்றிற்று. ஆகவே என் வீட்டைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிட்டு அவர் வரலாற்றுக்கு வருகிறேன். படிப்போர் பொறுத்தருள வேண்டும்.

தையலால் வாழும் ஊர்

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில் இருக்கிறது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் மின்சார ரயில் நின்று போகும் ஊர் அது. மேற்கே ஆவடியில் 1961-இல் தொடங்கப்பெற்ற படையுடைத் தொழிற்சாலை இருக்கிறது. ஓ.சி.எஃப். என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். நாட்டின் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் இடம் அது. கிழக்கே 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அங்கே ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனங்கள் பல உண்டு. காலையில் சாப்பாட்டுப் பையுடன் கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்கும் பெண்களில் பலர் தையல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் அமர்பவர்கள். ஊசியும் நூலும் சோறு போடும் ஊர் எங்களுடையது.

என் தாத்தா பொதட்டூர்ப்பேட்டையில் குழித்தறி போட்டு நெய்தவர். விசைத்தறி வந்தபின் கூலி கட்டுப்படியாகவில்லை. தறியைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு, தொழிற்பேட்டையில் காவலாளி வேலைக்கு வந்தார். என் அம்மா பத்தாண்டுகள் ஏற்றுமதிக் கம்பெனியில் டெய்லராக இருந்தார். பிறகு முதுகுவலியால் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஆரி வேலை செய்கிறார். மரச்சட்டத்தில் ரவிக்கைத் துணியை இழுத்துக் கட்டி, கொக்கிபோல் வளைந்த ஆரி ஊசியால் சங்கிலித் தையலும் மணியும் ஜமிக்கியும் வைத்துப் பூ வேலை செய்வது அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். என் கட்டணம், பேருந்துச் செலவு, ஆய்வக உடை எல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து வந்தவை.

ஒரு முறை பூந்தமல்லியில் உறவினர் திருமணத்திற்குப் போயிருந்தோம். மணப்பெண் அணிந்திருந்த ரவிக்கையில் இரண்டு மயில்கள். அவை என் அம்மா பன்னிரண்டு இரவுகள் கண்விழித்துச் செய்தவை. அம்மா கைக்கு வந்தது 900 ரூபாய். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அந்த வேலைப்பாட்டை வியந்தார்கள். எந்தக் கடை என்று கேட்டார்கள். கடையின் பெயர் சொல்லப்பட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார். நானும் சொல்லவில்லை. கூச்சம் ஒரு காரணம். அதைவிட வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. என் அம்மா கூலிக்குத் தைப்பவர் என்று அந்தக் கூட்டத்தில் தெரிய வேண்டாம் என்று அன்று நான் நினைத்தேன். கமலாதேவி அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகே அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை உணர்ந்தேன்.

பிறப்பும் இளமையும்

கமலாதேவி 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். அந்நாளில் மங்களூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை அனந்தைய தாரேஷ்வர் அரசு உயர் அலுவலர். தாய் கிரிஜாபாய் நூல்களில் ஆர்வமும் மனத்திண்மையும் மிக்கவர். கமலாதேவி சிறுமியாக இருந்தபோதே தந்தை உயில் எழுதாமல் மறைந்தார். சொத்து, தந்தையின் முதல் தாரத்து மகனைச் சேர்ந்தது. விதவைக்கும் பெண் குழந்தைக்கும் உரிமை இல்லை என்பது அன்றைய நடைமுறை. உழைப்பிலும் குடும்பத்திலும் பங்கு கொண்டவளுக்குக் கணக்கில் பெயர் இல்லை என்ற பாடத்தை அவர் முதன்முதலில் தம் வீட்டிலேயே கற்றார்.

பதினான்காம் வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். அக்காலத்தில் அவ்வாறு விதவையான பெண்ணின் வாழ்வு மூலையில் முடிந்துவிடும். ஆனால் அவர் படிப்பைத் தொடர்ந்தார். நம் சென்னைக் கடற்கரையை ஒட்டிய இராணி மேரிக் கல்லூரியில் அவர் பயின்றார் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அங்கே அவருக்குத் தோழியானவர் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி. அவர் வழியாக, அவருடைய அண்ணனும் கவிஞரும் நாடகக் கலைஞருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயவின் அறிமுகம் கிடைத்தது. சாதியையும் மொழியையும் கடந்து, விதவை மறுமணம் என்ற தடையையும் கடந்து, அவர்கள் மணம் செய்துகொண்டனர். ஒரு மகன் பிறந்தான். பின்னாளில் கருத்து வேற்றுமையால் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். அதற்கும் அந்நாளில் துணிவு வேண்டியிருந்தது.

இலண்டனில் பெட்ஃபோர்டு கல்லூரியில் சமூகவியல் பயின்றுகொண்டிருந்தவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு 1923-இல் நாடு திரும்பிச் சேவாதளத்தில் சேர்ந்தார்.

விடுதலைப் போரில்

1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிட்டார். பிரசாரத்திற்குக் கிடைத்த காலமோ மிகக் குறைவு. மிகச் சில வாக்குகளில் தோற்றார். ஆயினும் இந்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் களத்தில் நின்ற முதல் பெண்மணி என்று போற்றப்படுகிறார். நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நியமன உறுப்பினராக அதே மன்றத்தில் அமர்ந்து, 1927-இல் துணைத் தலைவரானார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதே 1927-இல் அகில இந்திய மாதர் மாநாடு தோன்றியபோது, கமலாதேவி அதன் அமைப்புச் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தண்டி நடைப்பயணத்தில் காந்தியடிகள் பெண்களைச் சேர்க்கவில்லை. கமலாதேவி அவரிடமே சென்று வாதாடினார். போராட்டத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது. பம்பாயில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து, சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பங்குச் சந்தைக்கே சென்று விற்க முயன்றார். கைதாகிச் சிறை சென்றார். பின்னரும் பன்முறை சிறைவாசம். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கினார்.

இவ்வளவு தொண்டு செய்தவர் விடுதலைக்குப் பின் எந்த அமைச்சர் பதவியிலும் அமரவில்லை. அவரது நாட்டம் வேறு பக்கம் திரும்பியது. அதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி.

அகதிகளிடம் கற்ற பாடம்

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வந்தனர். அவர்களுக்கு உணவும் கூடாரமும் கொடுத்தால் போதும் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், கையேந்தும் நிலையிலிருந்து அவர்களை மீட்க வேண்டும் என்று கமலாதேவி எண்ணினார். 1948-இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். டில்லிக்கு அருகே பரீதாபாத்தில், வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த ஏறத்தாழ 50,000 அகதிகளுக்குப் புது நகரம் எழுந்தது. அப்பணியில் ஒன்றியம் பெரும்பங்கு கொண்டது. அகதிகளே செங்கல் அடுக்கினர், தொழில் கற்றனர், கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்.

அகதிகளில் பெண்கள் பலர் இருந்தனர். வீட்டை விட்டு ஓடி வரும்போது அவர்கள் எடுத்துவர முடிந்தவற்றுள் ஒன்று விரல்களில் இருந்த தையல். பஞ்சாபின் புல்காரிப் பூத்தையலைப் போல, தாயிடம் மகள் கற்று வந்த கைத்திறன் அது. நிலத்தைப் பறிக்கலாம், வீட்டைப் பறிக்கலாம், கைத்திறனைப் பறிக்க முடியாது. ஆனால் அதை வாங்குவோர் இல்லையென்றால் அது தானே மடிந்துவிடும். தில்லியில் இருந்த குடிசைத் தொழில் அங்காடியை 1952-இல் கூட்டுறவு ஒன்றியம் ஏற்று நடத்தத் தொடங்கியது. ஊர் ஊராகச் செய்யப்பட்ட பொருள்கள் அங்கே ஒரு கூரையின் கீழ் விற்பனைக்கு வந்தன.

அதே 1952-இல் மத்திய அரசு அகில இந்தியக் கைவினை வாரியத்தை அமைத்தது. நெடுங்காலம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த கமலாதேவி, நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் தலைவராக இருக்கவில்லை. ரயிலிலும் ஜீப்பிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று, கைவினைஞர்களின் குடிசைகளில் அமர்ந்து அவர்கள் வேலையைப் பார்த்தார். காஷ்மீரக் கம்பளி மீது நுண்தையல், இலக்குமணபுரியின் (லக்னோ) சிக்கன் வேலை, பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தா, கருநாடகத்துக் கசூதி, கட்ச் பகுதியின் கண்ணாடித் தையல், நம் நீலகிரித் தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாகத் தைக்கும் போர்வை என்று இந்த நாட்டில் ஊசியால் எழுதப்பட்டிருப்பவை எத்தனை! இந்தியப் பூத்தையல் பற்றி அவர் ஒரு தனி நூலே எழுதி 1977-இல் வெளியிட்டார். அதுவரை வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த ஊசி வேலை, ஒரு நாட்டின் செல்வமாக ஏட்டில் ஏறியது.

காளத்தியில் பிழைத்த கலை

அவர் பணியின் இயல்பை விளக்க ஒரே ஒரு சான்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது நமக்கு அருகிலுள்ள ஊர். என் பாடத்திற்கும் அருகிலுள்ள பொருள்.

சென்னையிலிருந்து வடமேற்கே சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ளது திருக்காளத்தி. அங்கே கோயில்களில் தொங்கவிடும் பெரிய துணிகளில் இராமாயண, பாரதக் கதைகளை மூங்கில் எழுதுகோலால் வரைந்தார்கள். கலம் என்றால் எழுதுகோல். இதைச் செய்யும் முறையைப் பாருங்கள். பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு, கோடு கசிந்து பரவாமல் தடுக்கிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்கிறார்கள். அந்த நீரைத் தொட்டுத் துணியில் கோடிட்டால், மங்கலான நீர் கண்ணெதிரே கருப்பாகிறது!

மந்திரம் ஒன்றும் இல்லை. கடுக்காயில் உள்ள டானின் என்னும் பொருள் இரும்பு அயனியோடு சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆகிறது. நம் ஆய்வகத்தில் பீனால் தொகுதியைக் கண்டறிய ஃபெரிக் குளோரைடு விட்டு நிறம் பார்க்கிறோமே, அதற்கு உறவான வினைதான் இது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவி, பிறகு சாயவேர் போன்றவற்றோடு துணியைக் கொதிக்கவைக்கிறார்கள். வேரில் உள்ள அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு இழையில் நிலைத்துவிடுகிறது. படிகாரம் தடவாத இடத்தில் நிறம் அவ்வாறு நிலைப்பதில்லை. நிறம்தாங்கி என்று நாம் பாடநூலில் ஒரு வரியில் படிப்பதை, அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து கையால் அறிந்திருக்கிறார்கள்.

இந்த அறிவை வீழ்த்தியதும் வேதியியலே என்பதைக் கருத்தரங்கில் சொன்னபோது என் குரல் சற்றே தடுமாறிற்று. 1856-இல் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1869-இல் செயற்கை அலிசரின் வந்தது. 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவரும் அவுரி பயிரிட்டவரும் தொழிலிழந்தனர். ஆலைத் துணி மலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காளத்தியில் இக்கலை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

அருங்காட்சியகத்தில் நான்கு துணிகளைக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டு, கலையைக் காத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். கமலாதேவி அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய ஊக்கத்தால் 1950-களின் பிற்பகுதியில் கைவினை வாரியம் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தது. அறிந்தவர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட லட்சுமையா ஆசிரியராக அமர்த்தப்பட்டார். கற்க வந்த இளைஞர்களுக்கு உதவித்தொகை தரப்பட்டது. ஆசிரியருக்குச் சம்பளம், மாணவனுக்குச் சோறு, செய்த துணிக்கு அங்காடி என்று மூன்றும் ஒருசேர அமைந்தன. லட்சுமையாவின் மகன் குரப்பா செட்டி அக்கலையில் பெயர் பெற்று 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று காளத்தியில் எத்தனையோ குடும்பங்கள் இக்கலையால் வாழ்கின்றன. சென்னை கலாக்ஷேத்திராவிலும் கமலாதேவியின் ஊக்கத்தோடு ருக்மிணி தேவி அம்மையார் 1978-இல் கலம்காரிப் பிரிவைத் தொடங்கினார்.

துணியைக் காப்பதற்கு முன் துணி செய்யும் கையைக் காக்க வேண்டும். அம்மையாரின் வாழ்விலிருந்து நான் கற்ற ஒரே பாடம் எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

சிறிய சங்கம், பெரிய பணி

1964-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பல நாட்டினர் கூடி உலகக் கைவினை மன்றத்தை நிறுவினர். அதைத் தோற்றுவித்தவர்களில் கமலாதேவியும் ஒருவர். அதே ஆண்டில் இந்தியக் கைவினை மன்றத்தையும் அவர் தொடங்கினார். அதன் தலைமையிடம் நம் சென்னை. எங்கள் ஊரருகே தொழிற்பேட்டை எழுந்த அதே ஆண்டில், அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த மன்றமும் பிறந்திருக்கிறது என்பது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தறியை விட்டுவிட்டு என் தாத்தா தேடி வந்தது ஒன்றை. தறியை விட்டு அவர் வராமல் இருக்கும்படி செய்ய முயன்றது மற்றொன்று.

இந்த மன்றம் அரசுத் துறை அன்று. வணிக நிறுவனமும் அன்று. ஊதியம் பெறாத தொண்டர்கள் நடத்தும் அறச்சங்கம். அரசு வாரியம் ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. வாரியத்தின் உள்ளேயே இருந்தவர் அவர். அரசின் கை நீளமானது என்பதும், ஆனால் அது கணக்குப் பார்க்கும் கை என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனை கோடி ஏற்றுமதி என்று ஒரு வாரியம் கேட்கும். ஒரு மூலையில் ஒரே ஒரு கிழவிக்கு மட்டும் தெரிந்த தையலுக்காக ரயிலேறிப் போக ஒரு சிறிய சங்கத்தால்தான் முடியும்.

2020-ஆம் ஆண்டில் அகில இந்தியக் கைவினை வாரியம் கலைக்கப்பட்டது. அப்போது அது ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டும் இருந்தது. கைவினைத் திட்டங்களை நடத்தும் அரசு அலுவலகங்கள் இன்றும் உள்ளன என்றாலும், கைவினைஞர் சார்பில் ஒரு குரல் உட்கார்ந்து பேச இருந்த நாற்காலி போய்விட்டது. ஆனால் தொண்டர்களின் சிறிய மன்றம் இன்றும் சென்னையில் இயங்குகிறது, பல மாநிலங்களில் கிளைத்திருக்கிறது, கைவினைஞர்களுக்குக் கண்காட்சியும் பயிற்சியும் விருதும் அளித்து வருகிறது. பெரிய மரம் சாயும் வேளையில் அடியில் கிடந்த விதை முளைத்து நிற்பது போன்றது இது.

கைவினைஞர்களுக்கு அம்மையார் பெற்றுத் தந்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது தேசிய விருது. சிறந்த கைவினைஞர்களுக்கு நாட்டின் விருது வழங்கும் முறை 1965-இல் ஏற்பட்டது. அதற்கு முன் மன்னன் பெயரும் கடையின் பெயரும் ஊரின் பெயரும் துணிமீது ஏறியதுண்டு. செய்தவர் பெயர் ஏறியதில்லை. காஞ்சிப் பட்டு என்போம். நெய்தவர் யார் என்று கேட்கமாட்டோம். தலைநகருக்கு அழைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேடையில் நிறுத்தினார்கள். பூந்தமல்லி மண்டபத்தில் என் அம்மாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

புகழும் முடிவும்

1955-இல் பத்மபூஷண், 1966-இல் ரமோன் மகசேசே விருது, 1987-இல் பத்மவிபூஷண் எனப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 1986-இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். நாடகக் கலைக்கும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பம்பாயில், 85-ஆம் வயதில் அவர் மறைந்தார். கைத்தறிச் சேலை உடுத்தி, பெரிய குங்குமப் பொட்டும் கொண்டையில் பூவுமாக அவர் நிற்கும் படம் ஒன்றை என் நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

என் ஐயம்

வாழ்க்கை வரலாறு எழுதுபவர் போற்றிவிட்டு மட்டும் போகலாகாது என்று நினைக்கிறேன். படித்துவந்த நாளெல்லாம் ஓர் ஐயம் என்னை வாட்டியது.

என் அம்மா எனக்கு ஆரி ஊசி பிடிக்கக் கற்றுத் தந்ததில்லை. சிறுவயதில் ஆசையாகச் சட்டத்தின் அருகே போனால் விரட்டிவிடுவார். இந்த வேலை என்னோடு போகட்டும், உனக்குப் புத்தகம்தான் என்பது அவர் முடிவு. தாத்தாவும் அம்மாவுக்குத் தறி கற்றுத் தரவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் குழந்தையை அந்தத் தொழிலிலிருந்து காப்பாற்றவே பாடுபட்டிருக்கிறது. அப்படியிருக்க, மரபைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது, நெசவாளியின் மகனை மீண்டும் குழியில் இறங்கச் சொல்வதாகாதா? தறியில் உட்காராதவர்கள் தறியின் அழகைப் பேசுவது எளிதல்லவா?

விடை அம்மையாரின் செயலிலேயே இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறேன். அவர் எவரையும் அத்தொழிலில் கட்டிப்போடவில்லை. காளத்தியில் முதலில் சோற்றுக்கு வழி செய்தார். பிறகே கற்க அழைத்தார். பரீதாபாத்தில் கூட்டாக நின்று பேரம் பேசக் கற்றுக் கொடுத்தார். கூலியும் மரியாதையும் இருந்தால் கலை தானே நிற்கும். அவை இல்லையென்றால் தாயே மகளை விரட்டிவிடுவாள், விரட்டுவதும் நியாயமே. 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அவர்கள் வீட்டில் எல்லாம் இதே கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கும்.

முடிவுரை

சென்ற தேர்வு விடுமுறையில் நான் ஒரு சிறு காரியம் செய்தேன். எங்கள் தெருவில் அம்மாவையும் சேர்த்து ஐந்து பெண்கள் ஆரி வேலை செய்கிறார்கள். ஒருவர் வாங்கும் கூலி மற்றவருக்குத் தெரியாது. நான் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி, ஒவ்வொரு ரவிக்கைக்கும் செய்தவர் பெயர், பிடித்த நாள்கள், மணிக்கும் நூலுக்கும் ஆன செலவு, கைக்கு வந்த கூலி ஆகியவற்றை எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது ஐவரும் வாயடைத்துப் போனார்கள். ஒரே மாதிரியான கழுத்து வேலைக்கு ஒருவருக்கு 400, ஒருவருக்கு 650. பிறகு ஐவரும் சேர்ந்து, ஒரே கூலி கேட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வேலை கொடுப்பவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை ஒருவர் இசைந்திருக்கிறார். மற்றவர்கள் இன்னும் விடை சொல்லவில்லை. வேலையே வராமல் போய்விடுமோ என்ற அச்சமும் வீட்டில் இருக்கிறது. முடிவு எப்படியாகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு நாள் மாலை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, அம்மா அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தம் பெயர் எழுதிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடி வைத்துவிட்டு, சட்டத்தின் மறுபக்கம் வந்து உட்காரச் சொன்னார். அன்று முதன்முதலாக ஆரி ஊசியை என் கையில் கொடுத்தார். படிப்பு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்பது கட்டளை. சங்கிலித் தையல் இன்னும் எனக்கு நேராக வரவில்லை.

அன்புத் தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் தாய் தந்தையரின் கைகள் எதையோ நெய்தோ தைத்தோ வனைந்தோ நம்மை இங்கே அனுப்பியிருக்கின்றன. அத்தொழிலையே நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. அதைச் செய்தவர் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வெட்கப்படாமல் இருப்போம். அவர்களுக்கு வரவேண்டிய கூலியைக் கணக்கிட நம் படிப்பைப் பயன்படுத்துவோம். கமலாதேவி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.